கருப்பிக்கு வீடு வேண்டும், கொஞ்சம் யோசனையும் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். மதுரை திருநகர் பக்கம் இருக்கிறோம். தெருவில் அடிபட்டுக் கிடந்த ஒரு நாட்டு நாயை எடுத்து வந்து வளர்க்கிறோம். பெண், இரண்டு வயதிருக்கும். காயம் ஆறிவிட்டது, கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் முடிந்தது.

பிரச்சினை பயம்தான். விளக்குமாற்றைக் கையில் எடுத்தாலே மாடிப்படிக்கு அடியில் போய்ப் பதுங்கிவிடுகிறாள். ஆண்கள் வந்தால் இன்னும் மோசம். கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, வேகவைத்த கோழித்துண்டைத் தூரமாகப் போட்டுப் போட்டு, இப்போது என் கையை மோந்து பார்க்கும் அளவுக்கு வந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக் கிழட்டு நாய் கூட இருந்தால் மட்டும் தைரியம் வருகிறது, வாலும் ஆடுகிறது.

வாசலைத் தாண்ட வைப்பது எப்படி? கழுத்துப் பட்டையைப் பின்வாங்கி உருவிக்கொள்கிறாள், அதனால் உடம்போடு மாட்டும் பெல்ட் வாங்கலாமா என்று யோசனை. உருவ முடியாதது எது, பழகியவர்கள் சொல்லுங்கள். தீபாவளி வெடிச்சத்தத்தை நினைத்தால் எனக்கே வயிற்றைக் கலக்குகிறது. அதற்கு முன்பே என்ன பழக்கலாம்?

வீடு: சத்தம் குறைவாக, சுற்றுச்சுவரோடு, சாதுவான இன்னொரு நாய் இருந்தால் ரொம்ப நல்லது. மொட்டை மாடியில் சங்கிலி போட்டுக் காவலுக்கு வைக்க நினைப்பவர்கள் தயவுசெய்து கேட்க வேண்டாம். திண்டுக்கல், விருதுநகர்க்காரர்களும் கேட்கலாம், ஆனால் கூட்டிப்போகும் முன் சில முறை வந்து அவளோடு சும்மா உட்கார வேண்டும்.

போட்டோ இன்பாக்ஸில் அனுப்புகிறேன். போனைத் தூக்கினாலும் ஓடுகிறாள், முதுகுதான் தெரியும்.