முடிவில்லாச் சுழற்சியை எப்போது வெற்றியாக ஏற்பது? மேஜிக் ஆட்ட விதி குறித்து ஒரு வழக்கு

கட்டபெட்டுக்காரன் (கோத்தகிரி) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் மாலையில் மைதானத்துப் பக்கம் யாரும் போக முடியாது. அந்த நாட்களில் தெருப் பிள்ளைகளும், கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களும் எங்கள் வீட்டு முன்னறையில் கூடி ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற கார்டு ஆட்டம் ஆடுகிறார்கள். பழைய கார்டுகளை விலை கொடுத்து வாங்க யாருக்கும் வசதியில்லாததால், எல்லாரும் ஒப்புக்கொண்டு, அச்சிட்ட தாளை வெட்டி உறைக்குள் செருகிக்கொள்கிறார்கள். அதனால் எந்தக் காலத்துக் கார்டும் எங்கள் மேசைக்கு வந்துவிடுகிறது. அதோடு வழக்குகளும் வந்துவிடுகின்றன.

முதல் ஆட்டத்தில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி ‘சாங்குவின் பாண்ட்’, ‘எக்ஸ்க்விசிட் பிளட்’ இரண்டையும் களத்தில் வைத்தாள். முதலாவது கார்டின்படி அவளுக்கு லைஃப் (உயிர்ப் புள்ளி; சுழியமானால் தோல்வி) கூடினால் எதிராளிக்கு அதே அளவு குறைகிறது. இரண்டாவதின்படி எதிராளிக்குக் குறைந்தால் அவளுக்கு அதே அளவு கூடுகிறது. அவளுக்கு ஒரு லைஃப் கூடியதுமே ஆட்டம் முடிந்ததாக எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த ஆட்டத்தில் ஒரு தம்பி ‘பசால்ட் மோனோலித்’, ‘மெஸ்மரிக் ஆர்ப்’ இரண்டையும் வைத்தான். மோனோலித்தைப் பக்கவாட்டில் சாய்த்து மூன்று மானா (கார்டுகளை ஆடுவதற்கான ஆற்றல்) எடுத்து, அதே மூன்றைக் கொடுத்து அதை மறுபடி நிமிர்த்துவான். அது நிமிரும் ஒவ்வொரு முறையும் ஆர்ப் அவனுடைய டெக்கின் (கார்டுக் கட்டின்) மேல் கார்டைக் கிரேவ்யார்டுக்கு (கழிந்த கார்டுகளின் குவியலுக்கு) அனுப்பும். அவன் வெல்வதற்கு ‘ட்ரெட் ரிட்டர்ன்’, ‘ஷரூம்’, ‘பிளாஸ்டிங் ஸ்டேஷன்’ மூன்றும் ஒரே நேரத்தில் கிரேவ்யார்டில் இருக்க வேண்டும். இடையில் ‘எம்ராகுல்’ விழுந்துவிட்டால் கிரேவ்யார்டு முழுவதும் டெக்கோடு சேர்த்துக் கலைக்கப்பட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். “எத்தனை முறை கலைத்தாலும் என்றாவது வேண்டிய வரிசை வந்தே தீரும்; ஆகவே வந்ததாகவே வைத்துக்கொள்வோம்” என்றான் அவன். எதிரில் இருந்தவர் ஒப்புக்கொள்ளவில்லை. “அவளுடைய காம்போவை (கார்டுச் சேர்க்கையை) ஏற்றீர்களே, என்னுடையதை ஏன் ஏற்கவில்லை?” என்று அவன் கேட்டபோது, வயதில் மூத்தவன் என்ற முறையில் என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். எனக்கு நியாயம் இரு பக்கமும் இருப்பதாகத் தோன்றியது.

இன்னொன்று: தான் களத்தில் இருக்கும்வரை வேறொரு கார்டை வெளியேற்றி வைக்கும் ‘ஒப்லிவியன் ரிங்’ வந்திறங்கிய கணத்திலேயே அதை ஆடியவரே தம் கையால் அழித்து, எதிராளியின் கார்டை நிரந்தரமாக வெளியேற்றிவிட்டதாகச் சொன்னார். ரிங் போனால் கார்டு திரும்ப வர வேண்டாமா? இப்போது சிலர், காம்போ என்று பெயர் சொல்லும் எதையுமே தடை செய்துவிடலாம் என்கிறார்கள். அந்தத் தம்பியின் எம்ராகுல் மட்டும் உண்மையான ஃபாயில் (பளபளக்கும் படலம் ஒட்டிய) கார்டு. பெங்களூரில் இருக்கும் உறவினர் கொடுத்தது. அதை ஆட முடியாமல் போனால் அவன் மனம் வருந்துவான். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெலிங்டன்வாசி (குன்னூர்) பதில்:

ஐயா, வழக்கை நீங்கள் விவரமாக எழுதியிருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. அந்தப் பெண்ணின் பக்கமே விதி நிற்கிறது. எந்தக் காம்போ வலிமையானது என்று விதி பார்ப்பதில்லை. ஆடுபவரால் அதன் முடிவை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்றுதான் பார்க்கிறது.

மேஜிக்கில் ‘முடிவிலி’ என்ற எண்ணுக்கு இடமே கிடையாது. ஒரு சுழற்சியைச் சுருக்கமாகச் சொல்லி நிறைவேற்ற விரும்புபவர், அதில் என்னென்ன நடக்கும், எத்தனை முறை நடக்கும், நடந்து முடிந்தபின் களம் எந்த நிலையில் இருக்கும் என்ற மூன்றையும் அறிவிக்க வேண்டும். எதிராளியிடம் 14 லைஃப் இருக்கிறது, அவளுக்கு ஒரு லைஃப் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒன்று குறையும், அவளுக்கு ஒன்று கூடும், அதனால் அவருக்கு இன்னொன்று குறையும். 14 சுற்றில் ஆட்டம் முடிகிறது. எண்ணும் தெரியும், முடிவும் தெரியும். எதிராளி அந்தச் சுழற்சியின் நடுவில் குறுக்கிட்டு இரண்டில் ஒரு கார்டை அழித்தால் சுழற்சி அறுந்துவிடும் என்பதையும் உங்கள் பிள்ளைகள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பலர் அந்த உரிமையைப் பயன்படுத்தாமலேயே கார்டுகளைப் பொறுக்கி வைத்துவிடுகிறார்கள்.

தம்பியின் டெக் உலகளவில் ‘ஃபோர் ஹார்ஸ்மென்’ என்ற பெயரில் அறியப்பட்ட ஒன்று. பலமுறை இதே வாக்குவாதத்தை எழுப்பியது. அவனுக்கு வேண்டிய மூன்று கார்டுகளும் எம்ராகுலும் ஒவ்வொன்றே டெக்கில் இருப்பதாகக் கொண்டால், அந்த நான்கில் எம்ராகுல் கடைசியாக வெளிப்பட வேண்டும். அதற்கான வாய்ப்பு ஒவ்வொரு கலைப்பிலும் நான்கில் ஒன்று. பத்து முறை கலைத்த பிறகும் ஒருமுறைகூட அமையாமல் போக ஏறத்தாழ 5.6 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இருபது முறைக்குப் பிறகு அது 0.3 விழுக்காடாகக் குறையும். ஆனால் எத்தனை முறை கலைத்தாலும் சுழியம் ஆகாது. “இத்தனையாவது முறையில் வரும்” என்று அவனால் ஓர் எண்ணைச் சொல்ல முடியாது. அதனால்தான், நிகழ்தகவை நம்பி நிற்கும் சுழற்சியைச் சுருக்கிச் சொல்லப் போட்டி விதிகள் அனுமதிப்பதில்லை. “என்றாவது வந்தே தீரும்” என்பது கணிதத்தில் சரியான கூற்று. ஆட்டத்தில் அது நகர்வு ஆகாது.

அப்படியானால் கையாலேயே ஒவ்வொன்றாகச் செய்யட்டுமே என்று அவன் கேட்பான். செய்யலாம், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு: முன்பு இருந்த அதே ஆட்டநிலை மறுபடியும் வந்துவிட்டால் அவன் நிறுத்தியாக வேண்டும். தொடக்கத்தில், டெக்கிலிருந்து கிரேவ்யார்டுக்குப் போனால் களத்துக்கு வந்துவிடக்கூடிய ‘நார்கோமீபா’ உயிரினங்கள் புதிதாக வந்துகொண்டிருப்பதால் நிலை மாறிக்கொண்டிருக்கும். அதுவரை தொடர்வது நியாயம். அவை எல்லாம் வந்து சேர்ந்தபின் எம்ராகுல் டெக்கைக் கலைத்து, அதற்கடுத்த முறையும் கலைத்தால், நிலையில் எந்த மாற்றமும் இல்லை. அந்த இடத்தில் அவன் வேறு ஏதேனும் ஆட வேண்டும், அல்லது தன் முறையை முடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் மேசையிலும் இதே எல்லையை வைத்துக்கொண்டால், அவனுக்கு உண்மையான சில வாய்ப்புகள் கிடைக்கும். மற்றவர்கள் மாலை முழுவதும் அவன் கலைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை.

ஒப்லிவியன் ரிங் விஷயத்தில் அவர் செய்தது முற்றிலும் சரி. அது 2007-இல் வந்த கார்டு. அதில் இரண்டு தனித்தனி ட்ரிகர்கள் (ஒரு நிகழ்வு நேர்ந்ததும் தானாகக் கிளம்பும் விளைவுகள்) எழுதப்பட்டுள்ளன. களத்துக்கு வரும்போது ஒரு கார்டை எக்ஸைல் செய்வது (ஆட்டத்துக்கு வெளியே ஒதுக்குவது) ஒன்று. களத்தைவிட்டுப் போகும்போது அதைத் திருப்பித் தருவது மற்றொன்று. முதல் ட்ரிகர் ஸ்டாக்கில் (நிறைவேற வேண்டிய விளைவுகளின் அடுக்கில்) காத்திருக்கும்போதே ரிங்கை அழித்தால், இரண்டாவது ட்ரிகர் அதற்கு மேலே ஏறிக்கொள்கிறது. ஸ்டாக்கில் கடைசியாக வந்தது முதலில் நிறைவேறும் என்பதால், திருப்பித் தரும் ட்ரிகர் முதலில் நிறைவேறி, எக்ஸைலில் எதுவும் இல்லாமையால் எதையும் தராமல் முடிந்துவிடுகிறது. பிறகு எக்ஸைல் செய்யும் ட்ரிகர் நிறைவேறுகிறது. அந்தக் கார்டைத் திருப்பித் தர இனி எதுவும் மீதமில்லை. 2014-இல் வந்த ‘பேனிஷிங் லைட்’ போன்ற கார்டுகள் “இது களத்தைவிட்டுப் போகும்வரை” என்று ஒரே வாக்கியத்தில் எழுதப்பட்டிருப்பதால் அங்கே இந்த வித்தை பலிக்காது.

இதையும் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள்: நிலக் கார்டுகளைத் தவிரக் களத்தில் மூன்று ஒப்லிவியன் ரிங்குகள் மட்டுமே இருக்கும்படி நேர்ந்தால், ஒன்று மற்றொன்றை வெளியேற்ற, அது போகும்போது முன்பு போனது திரும்ப வர, வந்தது இன்னொன்றை வெளியேற்ற, யாராலும் நிறுத்த முடியாத சுழற்சி ஆகிவிடும். கட்டாயமான சுழற்சியை நிறுத்த எவரிடமும் வழியில்லை என்றால் ஆட்டம் சமன்.

பேரிஜம் (கொடைக்கானல்) பதில்:

வெலிங்டன்வாசி விதியை விளக்கிவிட்டார். தடை குறித்து எனக்குக் கருத்து உண்டு. ‘காம்போ’ என்று பெயர் வைத்துத் தடை செய்யாதீர்கள். எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு மலிவாக நடக்கிறது என்று பாருங்கள். அந்தப் பெண்ணின் இரண்டு கார்டுகளுக்கும் தலா ஐந்து மானா வேண்டும். அதற்குள் எதிராளிக்கு எத்தனையோ முறை கையில் கார்டு வந்து போயிருக்கும்.

அதற்கு நேர்மாறாக 1993-இல் வந்த முதல் தொகுப்பைப் பாருங்கள். ஒரு மவுண்டன் (நிலக் கார்டு), ஒரு ‘பிளாக் லோட்டஸ்’, ஒரு ‘சேனல்’, ஒரு ‘ஃபயர்பால்’. இவை நான்கும் முதல் கையிலேயே வந்துவிட்டால், லோட்டஸ் தரும் மூன்று பச்சை மானாவில் இரண்டு சேனலுக்குப் போகும், ஒன்று மீதமிருக்கும். சேனல் உங்கள் லைஃபை மானாவாக மாற்றித் தரும். 20-இல் 19-ஐக் கொடுத்தால் மீதமிருந்த ஒன்றோடு சேர்ந்து 20. மவுண்டனின் சிவப்பு மானாவோடு அந்த 20-ஐயும் கொடுத்து ஃபயர்பாலை ஏவினால், முதல் முறையிலேயே எதிராளியின் 20 லைஃபும் போய்விடுகிறது. அவர் தம் முறையைத் தொடங்கவே இல்லை. தாளில் அச்சிட்டு ஆடும் மேசையில் நான் முதலில் தடை செய்வது இதைத்தான்.

பார்ப்பதற்குச் சாதாரணமாக இருந்து ஆட்டத்தையே விழுங்கிய கார்டுகளும் உண்டு. 2004 பிப்ரவரியில் வந்த ‘ஸ்கல்கிளாம்ப்’, அதை அணிந்த உயிரினத்துக்குத் தாக்குதலில் ஒன்று கூட்டித் தாங்குதிறனில் ஒன்று குறைக்கும். அந்த உயிரினம் இறந்தால் இரண்டு கார்டு எடுக்கலாம். அணிவிக்க ஒரு மானா போதும். தாங்குதிறன் ஒன்றே உள்ள சிறு உயிரினத்துக்கு அணிவித்தால் அது அப்போதே இறக்கும். அந்தக் குறை தண்டனை போலத் தோன்றினாலும், ஒரு மானாவுக்கு இரண்டு கார்டு என்ற கணக்கைத் திறந்துவிட்டதே அதுதான். அதே ஆண்டு ஜூனில் ஸ்டாண்டர்டு என்ற போட்டி வடிவத்தில் தடை செய்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 2024 ஜூனில் வந்த ‘நாடூ, விங்டு விஸ்டம்’ அதே கதையாயிற்று. மானா எதுவும் கொடுக்காமல் அணிவிக்கக்கூடிய ‘ஷுகோ’வை உயிரினத்துக்கு உயிரினம் மாற்றிக்கொண்டே போனால், குறிவைக்கப்படும் ஒவ்வொன்றும் நாடூவின் விளைவால் டெக்கிலிருந்து ஒரு கார்டைக் கொண்டுவரும். ஆகஸ்டில் மாடர்ன் வடிவத்திலிருந்து அது தடை செய்யப்பட்டது. இரண்டும் வடிவமைப்பின் கடைசிக் கட்டத்தில் மாற்றப்பட்ட கார்டுகள் என்பதைச் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான் அதிகம் ஆடுவது யூகியோ என்ற இன்னொரு கார்டு ஆட்டம். அங்கே பிள்ளைகளைக் கண்ணீர் விட வைப்பது ஒரே ஒரு சொல். “இது நடக்கும்போது நீங்கள் செய்யலாம்” என்று எழுதப்பட்ட விளைவு, அந்த நிகழ்வுதான் கடைசியாக நடந்தது என்றால் மட்டுமே செல்லும். ‘பீட்டன் தி டார்க் கிளவுன்’ என்ற கார்டைப் பலியிட்டு ஒரு பெரிய உயிரினத்தை அழைத்தால், பீட்டன் கிரேவ்யார்டுக்குப் போனது முதலில், பெரியது வந்தது பிறகு. ஆகவே பீட்டனின் விளைவு நேரம் தவறிப்போகிறது. “நடந்தால்” என்று எழுதியிருந்தால் தவறாது. பத்து வயதுப் பிள்ளைக்கு இதை விளக்கும்போது, கார்டைக் கையில் கொடுத்து அந்த ஒரு சொல்லின்மேல் விரல் வைக்கச் சொல்லுங்கள். வாயால் சொல்வதில் பயனில்லை.

லவ்டேல் (ஊட்டி) பதில்:

யாரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். தம்பியின் எம்ராகுல் மட்டும் ஃபாயில் என்கிறீர்கள். நம் மலைக் காற்றின் ஈரத்தில் ஃபாயில் கார்டு வளைந்துவிடும். தாள் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது, மேலிருக்கும் படலம் விரிவதில்லை. மற்றவை எல்லாம் உறைக்குள் செருகிய தாள்கள் என்றால், டெக்கைப் பக்கவாட்டில் பார்த்தாலே எம்ராகுல் இருக்கும் இடம் தெரிந்துவிடும்; கலைக்கும்போது விரலுக்கும் தட்டுப்படும். அவன் வேண்டுமென்றே பார்ப்பான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவனுடைய வெற்றி முழுவதும் அந்த ஒரு கார்டு எங்கே கிடக்கிறது என்பதையே நம்பி இருக்கிறது. அடையாளம் தெரியும் கார்டை டெக்கில் வைப்பதைப் போட்டிகளில் நடுவர் அனுமதிக்க மாட்டார். நான்கில் ஒன்று என்ற கணக்கும் நேர்மையான கலைப்புக்கு மட்டுமே பொருந்தும்.

கட்டபெட்டுக்காரன் (கோத்தகிரி):

மூவருக்கும் மிக்க நன்றி. எம்ராகுலுக்கும் ஒரு தாள் அச்சிட்டு உறைக்குள் வைத்துவிட்டு, அசல் கார்டை மேசையின் ஓரத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைக்கச் சொன்னேன். அதற்கு அவன் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டான். அதே நிலை திரும்பினால் நிறுத்த வேண்டும் என்ற எல்லையையும் எழுதி ஒட்டிவிட்டோம். சேனலைத் தடை செய்தோம். இன்னும் ஒரு சந்தேகம்: ஒருவர் தம் முறையில் எவ்வளவு வேண்டுமானாலும் லைஃப் கூட்டிக்கொள்ளும் சுழற்சியை அமைத்து, ‘பத்து லட்சம்’ என்று அறிவித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த முறையில் எதிராளி, எவ்வளவு வேண்டுமானாலும் சேதம் செய்யும் சுழற்சியை அமைக்கிறார். யார் வென்றவர்?

வெலிங்டன்வாசி (குன்னூர்):

எதிராளிதான், ஐயா. முதலாமவர் ஓர் எண்ணைச் சொல்லி முடித்துவிட்டார்; அவருடைய லைஃப் இப்போது அந்த அளவுதான். இரண்டாமவர் அதைவிட ஒன்று கூடுதலாகச் சொன்னால் போதும். ஆனால் அந்தச் சேதச் சுழற்சி நடக்கும்போதே குறுக்கிட்டு மீண்டும் லைஃப் கூட்டக்கூடிய வகையில் முதலாமவருடைய சுழற்சி இருந்தால், அவர் அந்த இடத்தில் இன்னும் பெரிய எண்ணைச் சொல்லலாம். ஆகவே அவருடைய கார்டுகள் எதிராளியின் முறையிலும் இயங்குமா என்பதை முதலில் படித்துப் பாருங்கள்.