ஓஹையோவில் என் முதல் கொம்பு மான்: அம்பு விட்டபிறகு நாலு மணி நேரம்

கொலம்பஸ்காரன்:

போன நவம்பர்ல நடந்தது. எழுதணும் எழுதணும்னு தள்ளிப்போட்டு இப்பதான் உட்கார்றேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

மான் வேட்டையில எனக்கு இது நாலாவது சீசன். முதல் மூணு வருஷமும் வெறுங்கை. கூட வேலை பார்க்கிறவரோட அப்பாவுக்கு கொஷாக்டன் கவுண்டியில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பண்ணை இருக்கு. சோயா, மக்காச்சோளம், நடுவுல ஓடை, ஓடைக்கு ரெண்டு பக்கமும் ஓக் மரங்கள். இங்க அடுத்தவர் நிலத்துல வேட்டைக்குப் போகணும்னா உரிமையாளர் எழுத்துல அனுமதி கொடுக்கணும். பெரியவர் கையெழுத்துப் போட்டுட்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: "அடிச்சதைக் கண்டுபிடிக்காம வீட்டுக்குப் போகக் கூடாது."

நான் வச்சிருக்கிறது கிராஸ்போ, துப்பாக்கி மாதிரி விசையை அழுத்தி அம்பு விடுற வில். அதோட இழுவிசை 175 பவுண்டு. வெறுங்கையால இழுத்தா தோள்பட்டை கழண்டுடும். கயிறும் கப்பியும் மாட்டி இழுத்தா பாரம் பாதியாகும். அம்பு 20 அங்குலம், நொடிக்கு 350 அடி வேகம். கேட்க பெருசாத்தான் இருக்கும். ஆனா சத்தம் நொடிக்கு சுமார் 1,100 அடி போகுதே! 30 கஜம் தள்ளி மான் நின்னா, நாண் தெறிக்கிற சத்தம் அம்புக்கு முன்னாடியே அதோட காதுக்குப் போய்ச் சேர்ந்துடும். பாய்றதுக்கு முன்னாடி மான் உடம்பைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேல பறந்துடும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பெண் மான்கிட்ட எனக்கு ஆனது அதுதான். அப்ப இருந்து 25 கஜத்துக்கு மேல விடுறதில்லைன்னு வச்சிருக்கேன்.

நவம்பர் ரெண்டாவது வாரம், சனிக்கிழமை. ஆண் மான்கள் சோறு தண்ணி மறந்து பெண் மான் பின்னாடி சுத்துற நேரம். விடிகாலை அஞ்சேகாலுக்கே பரண்ல ஏறிட்டேன். பெல்ட்டை மரத்தோட மாட்டி, அப்புறம்தான் அம்பு பூட்டாத வில்லைக் கயித்துல கட்டி மேல இழுத்தேன். குளிர் மைனஸ் ரெண்டு. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாடி இருந்துதான் சட்டப்படி அம்பு விடலாம், அதுவரைக்கும் சும்மா உட்கார வேண்டியதுதான். சருகுல அணில் நடந்தாக்கூட யானை வர்ற மாதிரி கேட்கும், அந்த அமைதியில.

ஏழரை மணிக்கு ஒரு பெண் மான் ஓடையைத் தாண்டி ஓடி வந்துச்சு. வாலை ஒரு பக்கமா ஒதுக்கிக்கிட்டு, பின்னால பின்னால திரும்பிப் பார்த்துக்கிட்டே. அது போய் ஒரு நிமிஷம் இருக்கும், புதருக்குள்ள பன்னி உறுமுற மாதிரி சத்தம். மூக்கைத் தரையோட தேய்ச்சுக்கிட்டு அவன் வந்தான். எட்டு முனைக் கொம்பு, வீங்கின கழுத்து, பின்னங்கால் மூட்டுக்கு உள்பக்கம் தார் பூசின மாதிரி கறுப்பு. நான் வாயாலேயே 'ம்மேப்'னு ஒரு சத்தம் கொடுத்தேன். நின்னுட்டான். 22 கஜம்.

விசையை அழுத்தினேன். அம்போட வால்ல எரியுற பச்சை விளக்கு, நான் குறி வச்ச இடத்துக்கு நாலு விரல்கடை பின்னாடி போய் மறைஞ்சது. நுரையீரல்ல பட்டிருந்தா கழுதை மாதிரி உதைச்சுட்டுத் தலைதெறிக்க ஓடியிருப்பான். இவன் முதுகைக் கூனி, கொஞ்ச தூரம் ஓடி, அப்புறம் *நடந்து* புதருக்குள்ள போனான். அந்த நடையைப் பார்த்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

அரை மணி கழிச்சு இறங்கினேன். அம்பு மண்ணுல குத்தி நின்னுச்சு. ரத்தம் ரோஸ் கலர்ல நுரையோட இருந்தா நுரையீரல். பச்சையா, நாத்தத்தோட இருந்தா குடல், அன்னிக்குப் பொழுது போச்சு. இது பீட்ரூட் வெந்த தண்ணி மாதிரி கருஞ்சிவப்பு. முகர்ந்து பார்த்தேன், நாத்தம் இல்லை. போட்டோ எடுத்துப் பெரியவருக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்துச்சு: "ஈரல். ஒரு அடி கூட உள்ளே போகாதே. காபி இருக்கு, வா."

ஈரல்ல அடிபட்ட மான், விரட்டாம விட்டா பக்கத்துலயே படுத்துடும். பின்னாடியே போனா கடைசி உயிரையும் பிடிச்சுக்கிட்டு மைல் கணக்குல ஓடிடும், அப்புறம் கிடைக்காது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனா அந்த அடுக்களையில கடிகாரத்துக்கு எதிர்ல உட்கார்ந்தப்போ மனப்பாடம் ஒண்ணும் உதவலை. கயோட்டி நாய்ங்க முந்திடுமோ? ஒருவேளை மேலாப்பல கிழிச்சுட்டுப் போயிருக்குமோ? அந்த ஜீவன் அங்க கிடந்து அல்லாடுறதுக்கு நான்தானே காரணம்? பெரியவர் பேப்பர் படிச்சு முடிச்சு, திருப்பி முதல் பக்கத்துல இருந்து படிச்சார்.

பன்னெண்டு மணிக்குக் கிளம்பினோம். ரத்தம் பார்த்த ஒவ்வொரு இடத்துலயும் ஒரு துண்டு டாய்லெட் பேப்பரைக் கிளையில செருகிக்கிட்டே போனோம். திரும்பிப் பார்த்தா போன திசை தெரியும். எழுபதடியில தடம் நின்னுபோச்சு. சுத்திச் சுத்தி வந்தேன், ஒண்ணுமில்லை. எழுபத்தி நாலு வயசு மனுஷன் முட்டி போட்டு, காட்டு ராஸ்பெர்ரிக் கொடியைக் காட்டினார். என் தொடை உயரத்துல, முள்ளோட அடிப்பக்கம், குங்குமம் தீத்தின மாதிரி ஒரு கோடு. நான் தரையை மட்டுமே பார்த்துக்கிட்டிருந்திருக்கேன்.

ஓடைக்கரையில கிடந்தான். தாடையை மண்ணுல வச்சு, தூங்குற மாதிரி. நீளக் குச்சியால கண்ணைத் தொட்டுப் பார்த்தோம், இமைக்கலை. வயித்தைத் திறந்தப்போ ஈரல்ல மூணு கிளையா வெட்டு. என் அம்போட முனையிலயும் மூணு அலகு. பெரியவர் தொப்பியைக் கழட்டி ஒரு நிமிஷம் நின்னுட்டு, "ஒரு காலைப் பிடி"ன்னார்.

ஒருத்தருக்கு ஒரு சீசனுக்கு ஒரே ஒரு கொம்பு மான்தான் இங்க. போன்லயே பதிவு பண்ணினேன், என் கணக்கு முடிஞ்சது.

ரொறன்ரோவிலிருந்து:

அண்ணை, வாசிச்சு முடியுமட்டும் மூச்சு விடேல்லை. உங்கட மாதிரி வெற்றிக்கதை என்னட்ட இல்லை, விரல் கதைதான் இருக்கு. பீற்றர்பரோப் பக்கம் போனனான். மான் வந்திட்டுது எண்ட அந்தரத்தில இடது பெருவிரலை வில்லின்ர தண்டுக்கு மேலால தூக்கி வச்சிட்டன். நாண் ஓடுற பாதை அது! இஞ்ச மானுக்குக் குறைஞ்சது 45 கிலோ இழுவிசை வேணும் எண்டு சட்டம், என்ர வில் அதைவிடப் பெரிசு. நகத்தைக் கண்டிட்டு நிக்குமே? நுனியைச் சீவிக்கொண்டு போட்டுது. நாலு தையல். மான் 20 யார் தள்ளி நிண்டு நான் கத்துறதை ஆறுதலாப் பாத்துப்போட்டுத்தான் போனது.

கோவையிலிருந்து:

தப்பா எடுத்துக்காதீங்க. இங்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானைத் தொட்டாலே ஜெயிலுங்க. அங்க இப்படி அடிச்சா மான் மிஞ்சுமுங்களா?

கொலம்பஸ்காரன்:

நியாயமான கேள்விங்க. ஒரு காலத்துல மிஞ்சலை. காட்டை அழிச்சு, கணக்கு வழக்கில்லாம சுட்டு, 1904 வாக்குல ஓஹையோவுல மானே இல்லாமப் போச்சு. அப்புறம் வெளியில இருந்து கொண்டாந்து விட்டு வளர்த்து, 1943ல மூணு கவுண்டியில மட்டும் துப்பாக்கி சீசன் திறந்தாங்க. 88 கவுண்டிக்கும் வந்தது 1956ல. இப்ப வருஷத்துக்கு 2 லட்சம் மான் போல அடிக்கிறாங்க, அப்படியும் என் தெருவுல ராத்திரி கார் ஓட்டப் பயமா இருக்கு. ஓநாயும் மலைச்சிங்கமும் இங்க இல்லாமப் போனதும் ஒரு காரணம். பாவம் புண்ணியம் பத்தி என்கிட்ட பதில் இல்லைங்க.

பிட்ஸ்பர்க்கிலிருந்து:

தம்பி, பெரியவரை எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் போவார். ஒரு தடவை நானும் போனேன். பதினஞ்சு கஜத்துல தாயும் ரெண்டு குட்டியும் வந்து ஏகோர்ன் (ஓக் மரக் கொட்டை) பொறுக்கித் தின்னுச்சுங்க. குட்டி மெல்லுற 'கறுக் கறுக்' சத்தம் வரைக்கும் கேட்டுச்சு. வில்லை மடியிலயே வச்சுக்கிட்டு வந்துட்டேன், அப்புறம் போகலை. சமைக்கிறது மட்டும் நான்தான். ஒண்ணு சொல்றேன்: மான் கொழுப்பை ஒரு இணுக்கு விடாம எடுத்துடுங்க, ஆறினா மெழுகு மாதிரி அண்ணத்துல ஒட்டும். முதுகுக் கறியைக் குக்கர்ல போட்டுக் கெடுக்காதீங்க. சின்ன வெங்காயம், மிளகு, நல்லெண்ணெய், ரெண்டு பக்கமும் வாணலியில சட்டுனு வாட்டி எடுங்க. குக்கர் தொடைக்கறிக்கு.

கொலம்பஸ்காரன்:

அக்கா, இதை நவம்பர்லயே சொல்லியிருக்கக் கூடாதா! முதுகுக் கறி ஏழு விசில் வாங்கிடுச்சு. பெரியவருக்கு ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தேன். மென்னு முழுங்கிட்டு, "மிளகு நல்லா இருக்கு"ன்னு மட்டும் சொன்னார்.