பச்சை கார்ன்ஸ்டார்ச் கொடுத்தும் நடுராத்திரியில் குளுக்கோஸ் இறங்குகிறது

கேள்வி:
குழந்தைக்கு இரண்டரை வயது, 12 கிலோ. கிளைக்கோஜன் சேமிப்பு நோய், டைப் 1ஏ: கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையைக் குளுக்கோஸாக ரத்தத்தில் விட முடியாத பிறவி நோய். கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பச்சை (வேகவைக்காத) கார்ன்ஸ்டார்ச் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி 10 மணிக்குச் சூடான பாலில் இரண்டு டேபிள்ஸ்பூன் கலக்கிக் கொடுக்கிறோம். 1 மணிக்கு விரலில் குத்தி ரத்தக் குளுக்கோஸ் பார்த்தால் 58, 60 (mg/dL). அளவைக் கூட்டலாமா?

பதில் 1:
முதலில் இப்போது உள்ளே போவது எவ்வளவு என்று பாருங்கள். 12 கிலோவுக்கு 19 கிராம் வேண்டும். தலைதட்டிய டேபிள்ஸ்பூன் ஏறக்குறைய 8 கிராம். இரண்டு போட்டாலும் 16தான். டம்ளர் அடியில் வெள்ளையாகப் படிந்து நிற்பதையும் கழியுங்கள். ஸ்பூனை விட்டுவிட்டு கிராம் தராசில் நிறுங்கள். 40 மில்லி ஆறின தண்ணீரில், கொடுக்கிற நேரத்தில் கலக்குங்கள். குடித்ததும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் கொடுத்துவிடுங்கள். பாட்டில் வேண்டாம், மாவு இறங்கி நிப்பிளை அடைக்கும்.

பதில் 2:
சூடான பால்தான் பெரிய தப்பு. 60 டிகிரியைத் தாண்டினால் மாவு மணிகள் வீங்கி உடைந்து கஞ்சியாகிவிடும். கஞ்சி சட்டென்று செரிக்கும். குளுக்கோஸ் வேகமாக ஏறி அதே வேகத்தில் இறங்கும். பச்சையாக இருந்தால்தான் குடல் அதை மெல்ல மெல்ல உடைக்கும். பாலின் சர்க்கரையில் இருக்கும் கேலக்டோஸும் இந்தக் குழந்தைக்கு உதவாது. கல்லீரலால் அதைக் குளுக்கோஸாக வெளியே விட முடியாது, ரத்தத்தில் லாக்டேட் (லாக்டிக் அமிலம்)தான் ஏறும். ருசிக்குச் சர்க்கரை போட்டால் இன்சுலின் எகிறி, மறுபடி இறக்கம்.

பாக்கெட்டையும் பாருங்கள். வெள்ளையாக, விரலிடுக்கில் அழுத்தினால் நறநறவென்று இருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் அது முழு மக்காச்சோள மாவு, இதற்கு ஆகாது.

கேட்டவர்:
நிறுத்துப் பார்த்தேன். இரண்டு ஸ்பூனும் சேர்ந்து 15.5 கிராம்தான். சரியான அளவு கொடுத்தும் இறங்கினால்?

பதில் 3:
19 கிராம், ஆறின தண்ணீர் என்று மாற்றியும் 70க்குக் கீழே போனால், நேரத்தோடு எண்களை எழுதி இந்த நோயைப் பார்க்கும் உங்கள் மெட்டபாலிக் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். பெரும்பாலும் இடைவெளியை 3 மணி நேரமாகக் குறைப்பார்கள். நீங்களாகக் கூட்டினால் மிச்சம் கல்லீரலில்தான் போய்ச் சேரும், எடையும் ஏறும்.

58 காட்டினால் மருத்துவக் குழு கொடுத்த அவசரக் கடிதத்தில் உள்ள அளவு குளுக்கோஸ் உடனே, அதன் பின்னாலேயே ஸ்டார்ச். குளுக்கோஸ் மட்டும் போதாது, திரும்ப விழும். வாந்தி எடுத்து ஸ்டார்ச் தங்கவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்: 10% டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் வேண்டும். குளுக்கோஸ் இறங்கினால் வழக்கமாகப் போடும் குளூக்ககான் ஊசி இந்த நோயில் வேலை செய்யாது, லாக்டேட்டை ஏற்றும்; லாக்டேட் கலந்த ரிங்கர் லாக்டேட் டிரிப்பும் கூடாது. இது இரண்டும் அவசரக் கடிதத்தில் கொட்டை எழுத்தில் இருக்கட்டும். ராத்திரி டியூட்டி டாக்டர் இந்த நோயைப் பார்த்தே இருக்க மாட்டார்.

ராத்திரி ஸ்டார்ச் தவறாமல் இருக்க அலாரம் இரண்டு வையுங்கள், ஒன்று பேட்டரியில் ஓடுவதாக.