பேக்கப்: காப்புநகலா, காப்புப்படியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் ஒளிப்பட வழிகாட்டியில் பேக்கப் என்பதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்ற பேச்சில் ஒருவர் கேட்டது:

> பேக்கப் என்பதற்குக் 'காப்புநகல்' ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. எனக்குள்ள தயக்கம் 'நகல்' பற்றியது. தமிழில் அந்தச் சொல் அசலை விட்டுப் பிரிவதே இல்லை. 'அசல் எங்கே? நகல் செல்லாது' என்று தாலுகா ஆபீசில் கேட்டுக் கேட்டு, நகல் என்றாலே ஒரு மாற்றுக் குறைவு என்று மனதில் பதிந்துவிட்டது. கேமராக் கோப்புக்கு இது பொருந்தாது. மெமரி கார்டில் உள்ள ரா கோப்பை (கேமரா பதிந்த மூலத் தரவை) ஹார்டு டிஸ்க்கில் ஒழுங்காக இறக்கினால், இரண்டும் கடைசி பைட் வரை ஒன்றுதான்.

கல்யாணப் படம் எடுப்பவர்களைப் பாருங்கள். மண்டபத்திலிருந்து வந்ததும் கார்டை லேப்டாப்பில் இறக்குகிறார்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு அதே கார்டை ஃபார்மட் செய்து, உள்ளதை அழிக்கிறார்கள். அந்த நொடியிலிருந்து லேப்டாப்பில் இருப்பது மட்டும்தான் மிச்சம். ஆனாலும் 'பேக்கப் எடுத்தாச்சு' என்கிறார்கள். இறக்கியது வேறு, காப்பு எடுத்தது வேறு என்று காட்டும் கறாரான சொல் இங்கேதான் தேவைப்படுகிறது.

என் பரிந்துரை: காப்புப்படி. வினையாக, 'காப்புப்படி எடு'.

பயணப்படி, அகவிலைப்படி போல இதுவும் அரசு ஊழியருக்கான தொகை என்று தோன்றாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். 'முறைப்படி', 'சட்டப்படி' என்பதைப் போலவும் படிக்கலாம்தான். ஆனால் கையெழுத்துப்படி, தட்டச்சுப்படி என்ற சொற்களை யாரும் அப்படிக் குழப்பிக்கொள்வதில்லை. ஏடு பார்த்து எழுதிய காலத்திலிருந்து 'படியெடுத்தல்' நம்மிடம் இருக்கிறது. ஓலை செல்லரித்துப் போகும் என்று தெரிந்தே, அது கெடுவதற்குள் அடுத்த படியை எழுதினார்கள். ஹார்டு டிஸ்க்குக்கும் ஆயுள் உண்டு. சில வருடங்களுக்கு ஒருமுறை புது வட்டுக்கு மாற்றத்தான் வேண்டும். இந்தப் பொருளெல்லாம் 'படி'யில் இயல்பாகவே அடங்குகிறது.

சொல்லைவிட முக்கியம், எதை அப்படி அழைக்கக் கூடாது என்பது. இரண்டு கார்டு போடும் கேமராவில் ஒரே படம் ஒரே நேரத்தில் இரண்டிலும் பதியும்படி வைக்கலாம். ஒரு கார்டு பழுதானால் இது கைகொடுக்கும். கேமராப் பையே திருடு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். இதை 'இரட்டைப்பதிவு' என்போம். ரெய்டு 1 என்ற முறையில் இரண்டு வட்டுகள் ஒரே தரவை ஒரே நேரத்தில் பதிந்தபடி ஒன்றாக ஓடுவதற்கும் அதே சொல் போதும். அங்கே தவறிப்போய் ஒரு கோப்பை அழித்தால், இரண்டு வட்டிலும் அழியும்.

போனும் மேகமும் (கிளவுட் எனும் இணையச் சேமிப்பு) சேர்ந்து ஓடுவது 'ஒத்திசைவு'. போனில் ஒரு படத்தை நீக்கினால் மேகத்திலும் நீங்கும். சில வாரம் குப்பைத்தொட்டியில் கிடந்துவிட்டு, அப்புறம் அங்கிருந்தும் போய்விடும். இதையும் காப்புப்படி என்று எழுதினால், படிப்பவர் நம்பி ஏமாறுவார். ஒன்றை அழித்தாலும் மற்றது தானாக அழியாமல் நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் காப்புப்படி.

ஒளிப்படக்காரர்களிடையே 3-2-1 என்ற விதி உண்டு. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பியது. மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒரு படி வேறிடத்தில். அந்த வேறிடத்துப் படிக்கு 'புறத்தளப் படி' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு 'வெளியூர்ப்படி' இன்னும் நல்லதாகப் படுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் சேர்ந்தேதான் மூழ்கின. பக்கத்துத் தெரு மாமா வீட்டில் வைத்த வட்டு அன்றைக்கு என்ன ஆகியிருக்கும்? 'வெளியூர்' என்றால் எவ்வளவு தூரம் என்று யாருக்கும் விளக்க வேண்டாம். மதுரையில் இருக்கும் அக்கா வீட்டு அலமாரி போதும்.

அடுத்தது வெரிஃபை. 'சரிபார்' பொதுச்சொல், எல்லாவற்றுக்கும் வரும். படியெடுத்த பிறகு இரண்டு கோப்பின் ஷா-256 மதிப்பும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) ஒன்றா என்று பார்ப்பதற்கு 'ஒப்புநோக்கு' என்பதை வைத்துக்கொள்ளலாம். உ.வே.சா. பல ஊர் ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கித்தான் பதிப்பித்தார். ஒப்புநோக்கி முடிக்கும் வரை கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள் என்று வழிகாட்டியில் தனி வரியாகவே எழுத விரும்புகிறேன்.

ரெஸ்டோருக்கு, அதாவது காப்புப்படியிலிருந்து கோப்பைத் திரும்ப எடுப்பதற்கு, 'மீட்டெடு' பழகிவிட்டது, இருக்கட்டும். ஆனால் அழிந்த கார்டில் துழாவி எடுப்பதற்கும் அதையே போடுகிறோம். முன்னதில் நம்மிடம் படி இருக்கிறது. பின்னதில் இல்லை. அழித்த இடத்தின் மேல் புதுப்படம் பதியாமல் இருந்தால்தான் பழையது கிடைக்கும். பின்னதற்கு வேறு சொல் வேண்டும், எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தோன்றியதைச் சொல்லுங்கள். மறுப்பு இல்லாத மற்ற சொற்களை வழிகாட்டியின் வரைவில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்