போர்பனும் ரையும் கலந்த விஸ்கி: ருசி பிரித்தறிய உதவுங்கள்

நண்பர்களே, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஹை வெஸ்ட் என்ற விஸ்கி நிறுவனம் தயாரிக்கும் 'பூரை' ஒரு பாட்டில் வாங்கினேன். போர்பனும் ரை விஸ்கியும் கலந்தது, 46 சதவீத ஆல்கஹால். அமெரிக்கச் சட்டப்படி போர்பனுக்கான தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம், ரை விஸ்கிக்கானதில் அதே அளவு ரை தானியம் இருக்க வேண்டும். இரண்டும் ஊறுவது உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்.

என் சிக்கலே அங்கேதான். மூக்கருகே கொண்டுபோனதும் வெனிலாவும் காய்ச்சிய சர்க்கரை வாசனையும் வந்தன. அது மக்காச்சோளத்தின் இனிப்பா, பீப்பாய் தந்ததா? நடுநாக்கில் கிராம்பு, மிளகுக் காரம். விழுங்கிய பிறகு தொண்டையில் புதினா மாதிரி ஒரு குளிர்ச்சி வெகுநேரம் நின்றது. காரம் ரையுடையது என்றே நினைக்கிறேன், ஆனால் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

அரை ஸ்பூன் தண்ணீர் விட்டேன். எரிச்சல் அடங்கியது, கூடவே இனிப்பும் மங்கிவிட்டது. ரொம்ப அழகான விஸ்கி, அதைக் கெடுக்க மனசில்லை.

பழகியவர்கள் சொல்லுங்கள்: தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டுமா? தனி போர்பன், தனி ரை இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதென்றால் எதை முதலில் குடிப்பது? அப்புறம், கிளாஸில் ஊற்றி எவ்வளவு நேரம் விடுவீர்கள்?