துவளல்: சுருதி சேர்ந்தும் விறைப்பில்லாத கம்பிக்கு ஒரு சொல்

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

பேஸ் கிற்றாரின் தடித்த கம்பி விறைப்பின்றிக் கிடக்கும் நிலையைக் குறிக்க, நமது இசைக்கருவிச் சொற்பட்டியலில் 'தளர்வு' என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. அச்சொல்லை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். அது பிழையான வைத்தியத்தைக் கையில் கொடுத்துவிடும் என்பதே என் கவலை.

அப்படி நடந்ததைக் கிளிநொச்சியில் நேரிலே கண்டேன். எங்கள் ஊர் இசைக்குழுவில் பேஸ் வாசிக்கும் பொடியன், பாடுபவரின் குரலுக்கு இசைவாக நான்காம் கம்பியை ஈ சுரத்திலிருந்து டீ சுரத்துக்கு இறக்கியிருந்தான். மீட்டியவுடன் கம்பி கண்ணுக்குத் தெரியும் அகலத்துக்கு அலைந்து, கருவியின் கழுத்திலே குறுக்காகப் பதித்த மெட்டுகளில் அடித்துக் கரகரத்தது. "கம்பி தளர்ந்துபோச்சு, சேர்" என்று சொல்லிக்கொண்டே முறுக்காணியைத் திருகினான். விறைப்பு வந்தது, சுருதியும் கூடவே ஏறிவிட்டது. மறுபடி இறக்கினான், கரகரப்பும் திரும்பி வந்தது. தளர்ந்ததை இறுக்குவதுதானே உலக வழக்கு. சொல் காட்டிய வழியிலேதான் அவன் போனான்.

உயர்தரப் பௌதிகத்தில் சுரமானிப் பரிசோதனை (இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வை அளப்பது) செய்தவர்களுக்குக் காரணம் புரியும். கம்பியின் மீடிறன் (ஒரு செக்கனில் அது அதிரும் தடவைகள்), அதிரும் நீளத்திலும் இழுவையிலும் (கம்பி இழுபட்டிருக்கும் விசை) ஓரலகு நீளத்தின் திணிவிலும் தங்கியிருக்கிறது. நீளத்தைக் கருவி முடிவுசெய்துவிடுகிறது (பெரும்பாலான பேஸ் கிற்றார்களில் அது 34 அங்குலம்). மீடிறனைப் பாட்டு முடிவுசெய்துவிடுகிறது. ஆகவே நாம் மாற்றக்கூடியதாக எஞ்சுவது கம்பியின் திணிவு மட்டுமே. இழுவை மீடிறனின் வர்க்கத்தோடு மாறுவதால், 41.2 ஹேர்ட்ஸில் நின்ற கம்பியை 36.7 ஹேர்ட்ஸுக்கு இறக்கும்போது இழுவையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு போய்விடுகிறது. அதை முழுதாக மீட்கத் தடிப்பு எட்டிலொரு பங்களவு கூட வேண்டும். அதாவது அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில் 105 தடிப்புள்ள கம்பியின் இடத்தில் 118 அளவில் ஒன்று வேண்டும். கடையில் 115 அல்லது 120 கிடைத்தால் போதும். ஆனால் கம்பி பதிந்து கிடக்கும் தலைப்பக்கத்து வெட்டில் தடித்த கம்பி உட்காருமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே தடிப்புள்ள இரண்டு கம்பிகள்கூட உள்ளிழையும் அதன்மேல் சுற்றிய இழையும் வேறுபட்டால் கைக்கு வேறுவிதமாகப் படும் என்பதால், பொதியில் இழுவை அளவு அச்சிடப்பட்டிருந்தால் அதையே நம்பலாம்.

எனவே நமக்கு வேண்டிய சொல், 'இறுக்கு' என்று ஏவாத சொல். 'தொய்வு' என்பதை இன்னொருவர் சொல்லியிருந்தார். பொருள் நெருங்கினாலும், எங்கள் பக்கத்தில் தொய்வு என்றால் மூச்சிழுப்பு நோய்தான் முதலில் மனதில் வரும். 'நெகிழ்ச்சி' பௌதிகத்திலும் பொறியியலிலும் வேறு வேலைகளில் இருக்கிறது.

நான் முன்வைப்பது 'துவளல்'. இரணைமடுக் குளத்தை நம்பி நெல் விதைப்பவர்கள், தண்ணீர் பிந்தினால் பயிர் துவண்டுபோச்சு என்பார்கள். வேர் பிடுங்கப்படவில்லை, பயிர் தன் இடத்திலேயே நிற்கிறது, ஆனால் தாளில் விறைப்பில்லை. கம்பியின் நிலையும் இதுவே: குதிரையிலும் (உடற்பக்கத்தில் கம்பியைத் தாங்கும் பாகம்) முறுக்காணியிலும் இறுகப் பிடிபட்டு, சுருதியும் சேர்ந்து, உடலில் மட்டும் விறைப்பற்றிருக்கிறது. துவண்ட பயிரை யாரும் இழுத்துக் கட்டுவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

கூடவே வரும் சொற்களில் எனக்குப் பெரிய பிணக்கில்லை. தமிழக நண்பர்கள் 'இழுவிசை' என்பதை இழுவைக்குப் பக்கத்தில் சேர்க்கலாம்; கம்பியின் பருமைக்குத் தடிப்பு, குதிரைக்கும் தலைவெட்டுக்கும் இடையிலுள்ள அளவுக்கு அதிர்நீளம் என்று வைக்கலாம். வீணைக்காரர் புழங்கும் மெட்டும் குதிரையும் இருக்க, அவற்றுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை.

பட்டியலில் சேர்க்க நான் எழுதியிருக்கும் விளக்கம் இது: "துவளல்: உரிய சுருதியில் நிற்கும் கம்பி, தன் தடிப்புக் குறைவால் போதிய இழுவை பெறாமல் அகல அலைந்து மெட்டில் மோதும் நிலை." பெயர்ச்சொல் 'துவட்சி' என்றிருப்பது நல்லதா என்பதில் மட்டும் எனக்கு முடிவில்லை, வாய்க்கு எளிது துவளல், அகராதியில் பழையது துவட்சி. உங்கள் கருத்தை எழுதுங்கள்.