கிளாட் தேர்வு: நீளமான பத்திகளை நேரத்துக்குள் முடிப்பது எப்படி?

வணக்கம். தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர ஆசைப்பட்டு, சட்டப் படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வான கிளாட்டுக்குத் (CLAT) தயாராகிறாள். 120 கேள்விகள், 2 மணி நேரம். கேள்விக்கு ஒரு நிமிடம்தான். ஆங்கிலம், சட்டப் பகுதிகளில் பத்தி ஒவ்வொன்றும் சுமார் 450 சொற்கள். அதைப் படிக்கும் நேரமும் இதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

அவளுக்குப் புரிதலில் குறையில்லை. நேரம் வைக்காமல் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகவே எழுதுகிறாள். கடிகாரம் ஓட ஆரம்பித்ததும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள், கடைசிப் பத்திகளைத் தொடவே முடிவதில்லை. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும் என்பதால் ஊகித்து எழுதவும் பயப்படுகிறாள்.

கேள்விகளை முதலில் பார்த்துவிட்டுப் பத்திக்கு வரச் சொல்கிறார்கள் சிலர். சட்டப் பகுதிக்கு அது ஒத்துவராது என்றே எனக்குப் படுகிறது. பத்தியில் சொல்லும் சட்ட விதி முழுதாகப் பிடிபடாமல் போனால் இரண்டு விடைகள் சரிபோலத் தெரியும்.

எழுதியவர்கள் சொல்லுங்கள்: எந்தப் பகுதியில் தொடங்கினீர்கள்? ஒரு பத்திக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கினீர்கள்? அப்புறம், தமிழ்வழியில் படித்து இதை எழுதியவர்கள் ஆங்கில வாசிப்பு வேகத்தை எப்படிக் கூட்டினீர்கள் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். தேர்வு டிசம்பரில்.